கோழி என்று நான் எழுதிய ஆமை

போன வாரம் கண்ணன் தொலைபேசியில் பேசினான். நான் வேலை பார்த்த கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில், எனக்குப் பின் என் நாற்காலிக்கு வந்தவன்.

"சார், இனிமே பாட்டில்ல பென்சில் சீட்டெல்லாம் கிடையாது. மெஷினே கோடு கோடா சீட்டு அடிச்சுக் குடுக்கு. ஒரு சாம்பிளும் மாறாது. பழைய ரிஜிஸ்டரை எல்லாம் கட்டி மூலையில போட்டாச்சு. நம்ம ஊழியர் சங்க மலருக்கு நீங்க ஒரு அனுபவம் எழுதித் தாங்க."

"எந்தப் பிராணின்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அத நாமதான் அடிக்கணும் சார்."

அப்படியென்றால் மாறும். கோழி என்று அடித்தால் கோழி என்று அழகாகக் கோடு போட்டுக் கொடுக்கும். இதை அவனிடம் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். விருப்ப ஓய்வு பெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மட்டும் விடவில்லை. கீழே வரும் கிழமைகளும் நேரங்களும் எடைகளும் அதிலிருந்து எடுத்தவை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன், ஃபார்மலின் நெடியில் கண் எரிய நின்றேன். மெழுகில் பதித்த சதைத் துண்டைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவவும், சீவியதை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தவும், சாயம் ஏற்றவும் பழகினேன். பாட்டிலுக்குள் போடும் சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும், மையை ஃபார்மலின் கரைத்துவிடும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பென்சிலால் பொய் எழுதினாலும் அது கரையாது என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் மேலதிகாரி டாக்டர் ஞானதுரை பாளையங்கோட்டைக்காரர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் எப்போதும் போட்டிருக்கும். அவர் யாரையும் நம்பமாட்டார், அதை மறைக்கவும் மாட்டார். அவருடைய முறை ஒன்றுதான். பிராணியின் விவரம் எழுதிய படிவத்தைக் கவிழ்த்து மேஜையில் வைத்து, அதன் மேல் ஆற்றுக் கூழாங்கல் ஒன்றை வைப்பார். பிறகு ஸ்லைடைப் பார்ப்பார். பார்த்ததை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவார். அதன் பிறகுதான் கல்லை எடுத்துப் படிவத்தைத் திருப்புவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவருக்குச் சந்தேகம் படிவத்தின் மேல்தான்.

"மாட்டுக்காரன் சொன்னத முதல்ல படிச்சா, லென்ஸ்லயும் அவன் சொன்னதுதான் தெரியும் வே" என்பார்.

அந்தப் படிவத்தில் அச்சடித்த கட்டங்கள் ஏழு: மாடு, எருமை, ஆடு, பன்றி, நாய், கோழி, மற்றவை. 'மற்றவை'யில் குறி போட்டால் தலைமை அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். சில சமயம் வனத்துறைக்கு ஒரு நகல். பதில் வர இரண்டு மாதம், அதுவரை முடிவு தரக் கூடாது. அதற்குள் பிராணி செத்து எலும்பாகியிருக்கும். ஆகவே எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கிளி வந்தாலும் புறா வந்தாலும் கோழி. எனக்கு முன்னிருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். டாக்டருக்கு இது தெரியாது. கிளிக்கும் இறகு, கோழிக்கும் இறகு. அதனால் ஒருநாளும் மாட்டிக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி, செவ்வாய்க்கிழமை காலை 11.20. துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஓர் அம்மாள் உள்ளே வந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பையை மேஜையில் வைக்கவில்லை.

"இங்க பொறுப்பு யாரு?"

"நான்தாம்மா. சொல்லுங்க."

"நான் சேரன்மகாதேவியிலேருந்து வாரேன். சிவகாமி. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். எங்க ஊரு மாட்டு டாக்டர் வெட்டிக் குடுத்தாரு. ஆளனுப்புதேன்னாரு. நான் விடல. மடியில வச்சே பஸ்ஸுல கொண்டாந்திருக்கேன்."

பாட்டிலில் நெல்லிக்காய் அளவுக்குச் சதை. கூட வந்த கடிதத்தில் ஊர் மருத்துவர் எழுதியிருந்தார்: கிணற்றில் வளர்க்கும் ஆமை, முப்பது வயதுக்கு மேல், வலது முன்காலின் அடியில் கட்டி.

எங்கள் பக்கம் பழைய வீட்டுக் கிணறுகளில் ஆமை விட்டிருப்பார்கள். பூச்சி, பாசி தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று. சிவகாமி டீச்சரின் அப்பா கிணறு வெட்டிய வருடமே விட்ட ஆமை அது. ஓட்டின் ஓரத்தில் துளையிட்டு ஒரு செப்பு வளையம் போட்டிருந்தார். பெயர் சொக்கன்.

"என்ன நோய்னு பாத்துச் சொல்லிருவோம்மா" என்றேன்.

"நோயான்னு கேக்க நான் வரல. வெசமான்னு கேக்க வந்திருக்கேன்."

நான் பேனாவை மூடி வைத்தேன். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டில் இருப்பது அவரும் அவர் தம்பி ஆறுமுகமும் மட்டும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தம்பிக்கு வயது முப்பத்தெட்டு, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வருகிற பெண் வீட்டார் எல்லோரும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, ஆமை இருக்கிற வீடா என்று முகம் சுளித்துப் போனார்கள். போன வருடம் ஒருநாள் தம்பி கத்தியிருக்கிறான், இந்தச் சவம் கிணத்துல கெடக்க வரைக்கும் எனக்கு யாரு பொண்ணு தருவா என்று.

"அந்த வார்த்தைய நான் மறக்கல. இப்ப விடியக்காலம் ஷிப்டு முடிஞ்சு வந்ததும் நேரா கிணத்தடிக்குப் போறான். நான் வந்தா கைய பின்னால மறைக்கான். பேக்டரில ஆசிட்டு, மருந்துன்னு என்னென்னமோ இருக்கும்லா?"

விஷம் பார்க்கிற வசதி எங்களிடம் இல்லை, திசுவைத்தான் பார்க்க முடியும் என்று விளக்கினேன். அவர் என்னையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆனாலும் பாட்டிலைத் தந்தார். அவர் எதிரிலேயே படிவத்தை எழுதினேன். இரண்டு மாதம் காக்கவைக்க மனம் வரவில்லை. கோழி என்று குறி போட்டேன். ஊர் மருத்துவரின் கடிதத்தை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் ஸ்லைடைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். காலண்டர் தாளில் எழுதினார். கல்லை எடுத்தார், படிவத்தைத் திருப்பினார்.

"இங்க வாரும் வே. இது என்னது?"

"கோழி சார்."

"கோழின்னா இறகுக்குழி எங்க? தோலோரம் பூரா செதில். ஒரு இறகு மொளைக்க இடமில்ல." காலண்டர் தாளை என் பக்கம் தள்ளினார். 'ஊர்வன. தசைநார்ப் புற்று. பரவும் வகை' என்று இருந்தது. "பாட்டில் மாறியிருக்கு. இந்த வாரம் வந்த பாட்டில் எத்தன?"

"ஆறு."

"ஆறையும் திறந்து, ஒண்ணுவிடாமத் திரும்பச் சீவும். எது எங்க போச்சுன்னு தெரியாம நான் ஒரு காகிதத்துலயும் கையெழுத்துப் போடமாட்டேன்."

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் ஆறு பாட்டிலையும் திரும்பச் சீவினேன். ஒன்றும் மாறவில்லை என்று தெரிந்துகொண்டே சீவினேன். செவ்வாய்க்கிழமை டீச்சர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, முடிவு ஏன் தாமதம் என்று கேட்டார். "எந்தம்பி இங்கன வந்தானா? யாரையாவது பாத்தானா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் கொடுத்தவன் நான்தான்.

அன்று மதியம் டிராயரைத் திறந்து கடிதத்தை டாக்டர் முன் வைத்தேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று சொன்னேன். கிளி, புறா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கடிதத்தை எடுத்துக் கவிழ்த்து, அதன் மேல் கல்லை வைத்தார்.

"இப்ப இந்தக் காகிதத்த நான் எப்படி நம்ப?"

"சார், நான் பாத்தேன். அந்த அம்மாதான் கொண்டு வந்தாங்க."

"நீருதான் கோழின்னும் பாத்தீரு."

டாக்டர் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

"அந்தம்மாட்ட சொல்லி ஆமைய இங்க கொண்டாரச் சொல்லும். எங் கண்ணு முன்னால எடுக்கணும். ரிஜிஸ்டர்ல கோழிய அடிச்சு ஆமைன்னு எழுதும். சுரண்டாதீரும். அடிச்சது தெரியணும். பக்கத்துல ஒம்ம கையெழுத்துப் போடும். ஹெட் ஆபீசுக்கு நான் எழுதிக்கிடுதேன், பதிலுக்குக் காக்க வேண்டாம்."

போட்டேன்.

வியாழக்கிழமை காலை டீச்சர் வாடகைக் காரில் வந்தார். அலுமினியக் குண்டாவில் ஈரச் சாக்கு போர்த்தி, அதற்குள் சொக்கன். கறுப்பு ஓடு, இரண்டு கை அகலம். டாக்டர் முதலில் செப்பு வளையத்தைப் பார்த்தார், பிறகு முன்பு வெட்டிய இடத்தின் தையலைப் பார்த்தார். அதே ஆமைதான் என்று திருப்தியான பிறகே மரப்பு ஊசி போட்டார். ஊசி குத்தியபோது ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கட்டி தடுத்ததால் வலது காலை மட்டும் இழுக்க முடியவில்லை. கால் வெளியே நீட்டியபடி நடுங்கியது. நான்தான் அதைப் பிடித்திருந்தேன். பழைய காயம் ஆறத் தொடங்கிய இடத்தின் பக்கத்திலேயே இரண்டாவது வெட்டு.

"முத தடவ வெட்டினது என்னாச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். ஆமை என்று எழுத வேண்டிய இடத்தில் கோழி என்று எழுதிவிட்டேன், அதனால்தான் இன்று இரண்டாம் முறை. டீச்சர் குண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு சொல்லுக்காவா இத இன்னொருக்க அறுத்திய?"

"ஆமாம்மா."

ஈரச் சாக்கை இழுத்து ஆமையின் மேல் போர்த்தினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெழுகுக்குக் காத்திராமல் உறையவைத்துச் சீவிய இரண்டாவது ஸ்லைடும் மதியத்துக்குள் அதையே சொன்னது. டாக்டர் டீச்சரை உட்காரவைத்துத் தானே விளக்கினார். புற்று. வெட்டி எடுக்க முடியாத இடம். தோள் எலும்புவரை போயிருக்கும். அதிகம் போனால் நான்கு மாதம்.

"வெசம் வச்சா இப்படி வருமா?"

"வெசம் இப்படி மெதுவா வேல செய்யாதும்மா. இது தானா வர்றது. மனுசனுக்கு வர்ற மாதிரிதான்."

"தானான்னா எப்படி? ஒரு காரணம் இருக்கணும்லா?"

"இருக்கும். எனக்குத் தெரியாது." இப்படிச் சொல்ல டாக்டர் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. "ரொம்ப வேதனப்பட்டா ஒரு ஊசி போட்டுத் தூங்க வச்சிரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

டீச்சர் எழுந்துவிட்டார். "ஊசி போடச் சொல்லி யாரு சொன்னா? ஆறுமுகமா?"

"உங்க தம்பிய நான் பாத்ததே இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவிய." குண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருட வேலையில் நான் கண்டது, விஷம் என்று சொன்னால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். யார் மேலாவது கோபப்படலாம், ஸ்டேஷனுக்குப் போகலாம், பக்கத்து வீட்டோடு பேசாமல் இருக்கலாம். தானாக வந்தது என்று சொன்னால்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். டீச்சரிடமிருந்து அந்த வியாழக்கிழமை நாங்கள் பறித்துக்கொண்டது அவருடைய குற்றவாளியை. அவர் அவனை விடத் தயாராக இல்லை.

அடுத்த ஞாயிறு காலை நான் வண்ணார்பேட்டையில் பஸ் ஏறிச் சேரன்மகாதேவிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. இரண்டாவது வெட்டுக் காயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. டீச்சர் கதவைப் பாதி திறந்து, "யாரு அனுப்புனா?" என்றார். "யாரும் அனுப்பலம்மா. மருந்து போட வந்தேன்" என்றேன். என் பையை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. காயத்தோடு கிணற்றில் விட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சொக்கன் அதில்தான் இருந்தான். கிணற்றுக்கு டீச்சர் தகர மூடி போட்டுப் பூட்டியிருந்தார், தம்பி எதுவும் கொட்டாமல் இருக்க. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். கொண்டு போயிருந்த தராசில் நிறுத்தேன். ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம்.

அதன்பின் ஞாயிறுதோறும் போனேன். டீச்சரும் என்னைப் போலத்தான், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர். வரைபடத் தாளில் கோடு போட்டு, காலை எத்தனை பருக்கை சோறு வைத்தார், எத்தனை கீரை, எவ்வளவு மிச்சம் என்று குறித்திருந்தார். அந்த வீட்டில் பரம்பரையாகச் சைவம். சொக்கனுக்கும் சோறும் கீரையும் வாழைப்பழமும்தான். அவர் குறிப்பின்படி ஐந்தாம் நாளிலிருந்து சொக்கன் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.

இரண்டாவது ஞாயிறு எடை: ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது. மூன்றாவது ஞாயிறு: ஒரு கிலோ எண்ணூற்று நாற்பத்தைந்து.

எனக்கு இது சரியாகப் படவில்லை. முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். கடையில் முத்திரை போட்ட கிலோக் கல்லை வாங்கி வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு டீச்சரின் குறிப்பைச் சந்தேகப்பட்டேன். டாக்டரிடம் சொன்னபோது அவர், "கட்டி வளந்தாலும் எடதான் வே" என்றார். இருக்கலாம். ஆனால் தொட்டியில் கிடந்த கழிவு, பட்டினி கிடக்கிற பிராணியின் கழிவு இல்லை. மாட்டுச் சாணத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் இருபது வருடம் கழித்தவனுக்கு அந்த அளவு தெரியும். இந்த ஆமைக்கு யாரோ சாப்பாடு போடுகிறார்கள்.

நான்காவது ஞாயிறு டீச்சர் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பாலித்தீன் பையை மூன்று சுற்றுச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்.

"வெள்ளிக்கிழம விடியக்காலம் ஜன்னல் வழியா பாத்தேன். தொட்டில எதையோ போட்டான். அவன் போனதும் கரண்டியால கோரி எடுத்தேன். இத பாருங்க. இதுலயாவது என்ன இருக்குன்னு எழுதித் தாங்க. ஆனா உள்ளத எழுதணும். கோழின்னு எழுதிராதிய."

திங்கட்கிழமை பொட்டலத்தைப் பிரித்தேன். வெளிறிய, வழவழப்பான சதைத் துணுக்குகள். அவற்றோடு நகக்கண் அளவில் பழுப்பு நிற வட்ட மூடி ஒன்று. ஒரு துணுக்கை நசுக்கி லென்ஸில் வைத்தேன். ரம்பத்தின் பற்களைப் போல வரிசை வரிசையாகப் பற்கள் பதிந்த நாடா ஒன்று தெரிந்தது. நத்தையின் நாக்கு. வயலில் கிடக்கும் நத்தை. அந்தப் பழுப்பு மூடி அதன் வாசல் கதவு.

அந்த நத்தைச் சதையில் விஷம் கலந்திருக்கலாமே? மீதித் துணுக்குகளைக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் போட்டு, வாய்க்காலில் பிடித்த அயிரை மீன்கள் நான்கை விட்டேன். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தேன். நான்கும் நீந்திக்கொண்டிருந்தன. துணுக்குகளில் பாதியைத் தின்றும் இருந்தன.

புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு ஆய்வுக்கூட வாசலில் ஒருவர் நின்றார். ஒல்லியான ஆள், சீருடைச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"அண்ணாச்சி, நான் ஆறுமுகம். சிவகாமி டீச்சர் தம்பி. அக்கா ஒங்ககிட்ட என்னமும் குடுத்தாளா?"

"நீரு என்ன போட்டீரு, மொதல்ல அத சொல்லும்."

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "நத்தை. அத சொக்கன் பைய உறிஞ்சித் திங்கும். சோத்த அதுக்கு என்னைக்குமே பிடிக்காது அண்ணாச்சி. எனக்கு எட்டு வயசிருக்கும்போது கிணத்துல ஒண்ண தவற விட்டுட்டேன். சொக்கன் வந்து அத கவ்வுன கவ்வுல எனக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைலேருந்து போடுதேன்."

"முப்பது வருசமா?"

"கன்னடியன் கால்வாய் வயல்ல பொறுக்கி, ஓட்ட உடைச்சுட்டுப் போடுவேன். அதான் சீக்கிரம் வீட்டுக்கு வாரது. அவ எந்திரிக்க முந்தி."

"அக்கா ஒம்மள வெசம் வச்சவன்னு நெனைக்காங்க. தெரியுமா?"

"தெரியும். நெனச்சுட்டுப் போகட்டும்." தூக்கை மறு கைக்கு மாற்றினார். "அந்தக் கிணத்துத் தண்ணியதான் நாங்க குடிக்கோம். அதுல குளிச்சுட்டுதான் அவ சாமி வெளக்கு ஏத்துதா. நத்தைன்னு தெரிஞ்சா அந்த வீட்ல ஒரு வாய் தண்ணி எறங்குமா அவளுக்கு? சோறுன்னு எழுதிருங்க அண்ணாச்சி. ஒரு சொல்லுதானே."

அதே போன்ற வீட்டில் பிறந்தவன் நான். அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. சோறு என்று எழுதுவது எளிது, அது யாருக்கும் கெடுதல் இல்லை. கோழி என்று எழுதியபோதும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் டாக்டரிடம் போனேன். எழுதாத தாளை அவர் முன் வைத்தேன். ஆறுமுகம் வந்ததையும் சொன்னேன். அவர் தாளைக் கவிழ்த்துக் கல்லை வைத்தார்.

"நீரு லென்ஸ்ல என்ன பாத்தீரு?"

"நத்தை சார்."

"அப்ப அத எழுதும்." தாளை எடுத்துக்கொண்டு நான் திரும்பியபோது, "தபால்ல அனுப்பாதீரும். நேர்ல கொண்டு குடும்" என்றார்.

ஐந்தாவது ஞாயிறு காலை 8.15. நான் தாளை நீட்டினேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'வயல் நத்தையின் சதை. மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒரு நாள் முழுதும் பாதிப்பு எதுவும் இல்லை.' இரண்டு வரிதான். நான்கு தடவையாவது படித்திருப்பார்.

"ஏலே ஆறுமுகம். இங்கன வா."

ஆறுமுகம் கிணற்றடிக் கதவில் வந்து நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தராசின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா?"

"எட்டு வயசிலேருந்துக்கா."

"கிணத்துலயா?"

"ஆமா."

"அம்மா கடைசியா குடிச்ச தண்ணியும் இதுதானே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குலே அன்னைக்கு இத சவம்னு சொன்ன?"

"கோவத்துல சொன்னேன். பொண்ணு வீட்டுக்காரன் போனா கோவம் வராதாக்கா? நீ என்ன, அந்த ஒத்த வார்த்தைய ஒரு வருசமா மடில கட்டிக்கிட்டு திரியுத."

டீச்சர் கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்தார். கிணற்று மூடியின் பூட்டைத் திறந்து, வாளியை இறக்கி, ஒரு வாளித் தண்ணீர் இறைத்தார். கல்லின் மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டிவிடுவார் என்று நினைத்தேன். கொட்டவில்லை, குடிக்கவும் இல்லை. தொட்டியின் பக்கம் திரும்பினார். சொக்கன் ஓட்டுக்குள் தலையை வைத்தபடி கிடந்தான். காலையில் வைத்த சோறு ஊறி மிதந்தது.

"இன்னைக்குப் போட்டியா?"

"இல்ல. மூணு நாளா நீ ஜன்னல்லயே நின்ன."

"அப்ப மூணு நாளா அது ஒண்ணும் திங்கல."

நான் நிறுத்துச் சொன்னேன். ஒரு கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு. டீச்சர் வரைபடத் தாளை எடுத்துவந்து புள்ளி வைத்தார். பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எங்கனலே கெடைக்கும் அது?"

அடுத்த ஞாயிறு நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். பிசானப் பருவத்து நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். ஆறுமுகம் முழங்கால் சேற்றில் நின்று தடவிக்கொண்டிருந்தார். டீச்சர் வரப்பில், சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்தார். முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. வாளிக்குள் ஒன்று விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் குலுங்கியது.

"ஏலே, இது மருந்தடிச்ச வயல் இல்லியே?"

"இல்லக்கா."

"ஒனக்கு எப்படித் தெரியும்? வயக்காரன்ட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"அவன் உள்ளதச் சொல்லுவானா? அந்தா, அங்கன போய் எடு. இங்கன எடுத்தத கொட்டு."

"இம்புட்டையும் கொட்டவா? நீ எறங்கி எடு, அப்பத் தெரியும்."

"சார், நீங்களாவது சொல்லுங்க. மருந்தடிச்ச நத்தையப் பாத்தா லென்ஸ்ல தெரியுமா?"

தெரியாது என்றேன். "அப்ப கொட்டுலே" என்றார். ஆறுமுகம் முனகிக்கொண்டே கொட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் டீச்சரே நத்தை ஓட்டை உடைத்தார். துவைக்கிற கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால், கண்ணை மூடிக்கொண்டு. முதல் அடி விரலில் விழுந்தது. சொக்கன் கழுத்தை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். வலது கால் அசையவில்லை. கட்டி எலுமிச்சை அளவுக்கு ஆகியிருந்தது. மரப்பு மருந்தை எப்போது, எவ்வளவு தடவ வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்ததைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கிணற்றுக்கு மூடி இல்லை. வீட்டுக்குள் ஒரு குடத்தில் தெருக் குழாய்த் தண்ணீர் இருந்தது. டீச்சர் அதைத்தான் குடித்தார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது எந்தத் தண்ணீரில் என்றும் கேட்கவில்லை.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் பேசினார். "முடிஞ்சிருச்சு சார்" என்றார். ஊசி தேவைப்படவில்லை. டாக்டர் சொன்ன நான்கு மாதத்துக்கு ஒன்பது நாள் குறைவு.

நான் பையை எடுத்துவைத்தேன். கத்தி, இடுக்கி, ஃபார்மலின் ஊற்றிய பாட்டில். அறுத்துப் பார்க்கச் சொல்லி நிச்சயம் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டவர், கடைசியில் உள்ளே என்ன இருந்தது என்று பார்க்காமல் விடமாட்டார். வழியில் பஸ்ஸிலேயே சீட்டை எழுதிவிட்டேன். 'மற்றவை' என்று எழுதி, பக்கத்தில் ஆமை என்று பென்சிலால் அழுத்தி எழுதினேன்.

கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் ஆறுமுகம் குழி வெட்டிக்கொண்டிருந்தார். சொக்கனை ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருந்தார்கள். செப்பு வளையத்தைக் கழற்றவில்லை. டீச்சர் என் பையைப் பார்த்தார்.

"பாட்டில் கொண்டாந்திருக்கியளா?"

"ஆமாம்மா. சீட்டுகூட எழுதிட்டேன்."

"என்னன்னு எழுதியிருக்கிய?"

எடுத்துக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தம்பி மண்வெட்டியை ஊன்றி நின்று அவரையே பார்த்தார்.

"சரியா எழுதியிருக்கிய" என்றார் டீச்சர். "பாட்டில் பையிலயே இருக்கட்டும் சார். இனி அறுக்க வேண்டாம்."